முள் இல்லாத தவளை

ஜனவரி 12, ஞாயிறு

அணை இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. மேற்கு மூலையில் கருவேல மரங்களின் அடிப்பாகம் தண்ணீருக்குள். காற்று இல்லை. ஆறரை அடி தூண்டில் ராட், மெல்லிய நூல், மீனை ஏமாற்ற ரப்பரில் செய்த பச்சைத் தவளை லூர். மூன்று விரால் அடித்தது, ஒன்று ஏறியது. ஒன்றேகால் கிலோ இருக்கும். படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டேன்.

மாரப்பன் பரிசலில் வலை எடுத்துக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். மீன்பிடி சங்கத்துக்காரர். படித்துறைக்கு மேலே வீடு. எனக்கு இந்த ஊரில் பேச்சுத் துணை என்றால் அவரும் அவர் மனைவி சிந்தாமணியும்தான்.

"ஏனுங் சார், புடிச்ச மீனைத் திருப்பி உடறதுக்கா கோயமுத்தூர்ல இருந்து மாத்தல் வாங்கிட்டு வந்தீங்க?"

பால் குளிரூட்டும் நிலையத்தில் லேப் வேலை. காலை நாலு மணிக்குத் தொடங்கி மதியம் முடிந்துவிடும். அதன் பிறகு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று அவரிடம் சொல்லவில்லை. மீன் வளரட்டும் என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஒரு விரால் முள்ளைச் செவுளுக்குள் விழுங்கிவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. விட்டாலும் பிழைக்காது. முப்பதடி தள்ளி ஒரு முதலை தலையை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தது. இந்த அணையில் முதலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆளைக் கண்டால் முழுகிவிடும். இது முழுகவில்லை. மீனை அதன் பக்கமாக எறிந்தேன். சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டது.

வீணாகப் போகவில்லை என்று ஒரு திருப்தி.

ஜனவரி 23

அதே இடம். அதே முதலை. வால் நுனியில் ஒரு பக்கம் செதில்கள் இல்லை, எப்போதோ எதுவோ கடித்துப் போட்டதுபோல. மீன் ஒன்றும் அடிக்கவில்லை.

ஜனவரி 30

பரிசலுக்கு வழிவிட்டுப் போகும் அந்த முதலை என்னைப் பார்த்தால் போவதில்லை. சிறிய கெண்டை ஒன்று கொடுத்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் தாரிணிக்குப் போன் செய்தேன். பரீட்சை என்றாள். அவள் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மொத்தம் இரண்டு நிமிடம்.

சாயங்காலம் ஒரு விஷயம் கவனித்தேன். தவளை லூர் தண்ணீரில் விழுந்து, ராட் நுனியை ஒருமுறை சுண்டினால், 'ப்ளப்' என்று ஒரு சத்தம் வரும். விரால் அதற்குத்தான் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்க்கரையில் வெயிலில் கிடந்த முதலை தலையைத் திருப்பியது. இரண்டாவது வீச்சில் தண்ணீரில் இறங்கியது. மூன்றாவது வீச்சில் என் முன்னால் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாரப்பன் வீட்டில் சாப்பாடு. சிந்தாமணி வைத்த கெளுத்திக் குழம்பு. வேண்டாம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமையில் விடமாட்டார்கள். கிளம்பும்போது, விற்காமல் மிஞ்சின சில்லறை மீன் இருந்தால் கொடுங்கள் என்றேன்.

"எதுக்குங் சார்?"

"பூனைக்கு."

சிந்தாமணி ஒரு பை நிறைய, குடல் எடுத்து, கழுவிக் கொடுத்தாள். குடலோடு இருந்தாலே நன்றாக இருந்திருக்கும். சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 25

இன்று இரண்டாவது வீச்சுக்கே வந்துவிட்டது.

மார்ச் 6

மீன் பிடிக்கவே இல்லை. தவளையின் இரண்டு முள்ளையும் இடுக்கியால் வெட்டிவிட்டேன். தப்பித் தவறி அவன் வாயில் மாட்டிவிடக் கூடாது. முள் இல்லாமல் வீசுவதும் ஒரு பயிற்சிதான். எங்கே விழவேண்டும் என்று நினைக்கிறோமோ அங்கே விழவைப்பது. ஒரு சாண் கூடத் தவறவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தண்ணீர் வேகமாகக் குறைகிறது. பாசனத்துக்குத் திறந்திருக்கிறார்கள். மேற்கு மூலையில் கருவேல மரங்கள் வேரோடு வெளியே நிற்கின்றன. சேறு வெடிக்கத் தொடங்கிவிட்டது. அவனுக்கு இன்னும் பதினைந்து நாள் தண்ணீர் இருக்கும் அங்கே.

"உங்க பூனை நல்லாத் திங்குமாட்ட இருக்குதுங்" என்றாள் சிந்தாமணி. "குட்டி போட்டா எங்களுக்கு ஒண்ணு குடுங்க சார். எலித் தொல்லை தாங்கல."

மார்ச் 29

மேற்கு மூலை தீர்ந்தது. முழங்கால் ஆழம்கூட இல்லை. நல்ல ஆழம் இப்போது கிழக்கே மட்டும்தான்: பழைய பம்பு அறைச் சுவருக்குக் கீழே. அங்கேயிருந்து பார்த்தால் படித்துறை தெரியும். இருநூறு அடி இருக்கும். கொஞ்சம் கூடலாம்.

முதலில் யோசித்தேன். ஒரு வாரம் போகாமல் இருந்தால் அவனாகவே ஆழம் பார்த்து வேறெங்காவது போய்விடுவான்.

ஏப்ரல் 2

போனேன். பம்பு அறைச் சுவரில் உட்கார்ந்து முதல் வீச்சு. வரவில்லை. இருபது முறை வீசினேன். சரி, போய்விட்டான் என்று நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சுவருக்கு நேர் கீழே இரண்டு கண்கள். எவ்வளவு நேரமாக இருந்தானோ.

இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. தாரிணி அவளாகவே போன் செய்தாள். மே முதல் வாரம் இரண்டு நாள் வருகிறாளாம். இங்கே வந்து இரண்டு வருடத்தில் முதல் முறை. வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். மெத்தை வாங்க வேண்டும். அவளுக்கு இன்னும் ரசம் சாதமும் அப்பளமும்தான் பிடிக்குமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22

படித்துறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க இறங்கிய ஆட்டை முதலை இழுத்துவிட்டதாம். ஆட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடிவந்தாராம். மாரப்பன் சொன்னார்.

"எங்க அப்பன் காலத்துல இருந்து இந்தத் தண்ணியில கெடக்குறோம். இந்தப் பக்கம் அது வந்ததே இல்லீங் சார். தண்ணி வத்துனதுல வழி தெரியாம வந்துருச்சாட்ட இருக்குது."

"இருக்கலாம்" என்றேன்.

அணையில் எத்தனையோ முதலைகள். வால் நுனியை யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 23

போகவில்லை.

ஏப்ரல் 24

போனேன். அவனுக்குப் பசி இல்லை. கொடுத்ததை மெதுவாகத்தான் எடுத்தான்.

மே 4, ஞாயிறு

தாரிணி நேற்று காலை வந்தாள். உயரமாகிவிட்டாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருக்கிறாள். என்னிடம் பேச அவளுக்கு விஷயம் எதுவும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் சிந்தாமணியிடம் அரைமணி நேரத்தில் ஒட்டிக்கொண்டாள். மதியம் அங்கேதான் சாப்பாடு. இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வாசல்வரை வந்தது. மாரப்பன் என்னைப் பார்த்து, "பொண்ணு உங்கள மாதிரி இல்லீங்" என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் சிந்தாமணி அண்டா கழுவப் படித்துறைக்குப் போனாள். தாரிணியும் கூடப் போனாள். நான் பின்னால் போனேன். சிந்தாமணி மேல்படியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாரிணி கடைசிப் படிக்கு இறங்கி, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டு, ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ப்ளப். ப்ளப்.

"தாரிணி, மேல வா."

"ஏம்ப்பா? சில்லுனு இருக்கு."

"மேல வான்னு சொல்றேன்ல."

என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. எழுந்து வந்தாள். சிந்தாமணி தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாசி" என்றேன். "வழுக்கும்."

"ஆமாங்க கண்ணு, பாசிதான்" என்றாள் சிந்தாமணி தாரிணியிடம். பிறகு அண்டாவை எடுத்துக்கொண்டு அவள் கடைசிப் படிக்கு இறங்கினாள், அலச.

நான் தாரிணியைக் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மே 5

தாரிணியை பஸ் ஏற்றிவிட்டேன். மறுபடி எப்போது என்று கேட்டேன். பார்க்கலாம்ப்பா என்றாள்.

மே 11, ஞாயிறு

வெயில் தாங்க முடியவில்லை. பாலில் புளிப்பு ஏறி இரண்டு கேன் திருப்பி அனுப்பினோம். சாயங்காலம் பம்பு அறை. முதல் வீச்சு. சுவருக்குக் கீழே முழு உடம்பும் தெரிய வந்து நின்றான். ஒன்பது அடி இருப்பான். இறங்கி மூன்றே அடி தள்ளி நின்று கொடுத்தேன். எனக்குப் பயமாக இல்லை.

மாரப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா என்று வரும் வழியில் நினைத்தேன். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அப்புறம் மீன் கொடுக்கமாட்டார். வனத்துறைக்குப் போவார்கள். கூண்டு வரும். மழை வந்துவிட்டால் தண்ணீர் ஏறும், பழையபடி மேற்கே கூட்டிப் போய்விடலாம். இன்னும் மூன்று வாரம்.

மே 18

காய்ச்சல்.

மே 19

காய்ச்சல். சிந்தாமணி கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"பூனை எங்கீங் சார்?"

"வெளிய போயிருக்கு."

மே 21

எழுந்து நடக்க முடிகிறது. வெளியே போகத் தெம்பு இல்லை. நாலு நாளாகிவிட்டது. காத்திருப்பான்.

மே 23

எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று ஐந்து மணிக்குப் பம்பு அறைக்குப் போனேன். பையில் மீன் இல்லை, ஐந்து நாளாக மாரப்பன் வீட்டுக்கே போகவில்லை. கோழிக்கால் நாலு வாங்கியிருந்தேன். வீசினேன். வரவில்லை. மறுபடி வீசினேன். கோபமாக வந்தது. ஐந்து நாளில் மறந்துவிட்டானா என்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போது படித்துறைப் பக்கம் அலுமினிய அண்டாவைத் தண்ணீரில் கவிழ்த்து அலசுகிற சத்தம் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். பிறகு அண்டா கல்லில் உருண்டது. பிறகு அவள் குரல்.

நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாரப்பன் இறங்கிவிட்டார். துடுப்பால் அடித்துக்கொண்டே இருந்தார். எத்தனை அடி என்று தெரியாது. அது விட்டது. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. என் வேட்டியைக் கிழித்துத்தான் கட்டினோம். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம். அவள் நினைவோடு இருந்தாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிரும்" என்று இரண்டு முறை சொன்னாள்.

முழுகும்போது வாலைப் பார்த்தேன்.

மே 24

எந்த முதலையாகவும் இருக்கலாம் என்று எழுத நினைத்தேன். நேற்றே எழுதிவிட்டேன், வாலைப் பார்த்தேன் என்று. அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

வனத்துறை கூண்டு வைத்து ஆறு நாள் ஆகிறது. உள்ளே கோழி கட்டியிருக்கிறார்கள். கரை முழுக்க ஆட்கள். அது பக்கத்திலேயே வரவில்லை. வனவர் இஸ்மாயில் என்பவர், முப்பது வயது இருக்கும், வெயிலில் நின்று நின்று உதடு வெடித்திருக்கிறது. ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு பேசினார்.

"இது ஆளுக்குப் பழகுன முதலை. இல்லேன்னா படி வரைக்கும் வராது. யாராவது சோறு கறி போட்டிருக்கீங்களா? சொன்னா எனக்குப் பிடிக்கிறது சுலபம்."

மாரப்பன் இன்றைக்குத்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. "எவன் போடுவான் சார், எங்களுக்கே மிஞ்சாது" என்றார்.

எருமை குளிப்பாட்டும் இடத்தில் ஆட்கள் இன்னும் இறங்குகிறார்கள். வேறு வழி இல்லை அவர்களுக்கு.

ஜூன் 3

இஸ்மாயிலைத் தனியாகப் பார்த்து, நான் கூப்பிட்டால் வரும் என்றேன்.

அவர், "எங்க வைக்கணும் கூண்டை?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 4

பம்பு அறைச் சுவருக்குக் கீழே கூண்டு. தண்ணீர்ப் பக்கம் கதவு திறந்து, கயிறு மேலே நாலு பேர் கையில். கூட்டத்தை விலக்கிவிடுங்கள் என்று கேட்டேன். விலக்கினார்கள். மாரப்பன் மட்டும் போகவில்லை. "என் பொண்டாட்டி கைய எடுத்ததுங் சார். நான் பாக்கணும்" என்றார். சுவர் மேல் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

தவளையைக் கையில் எடுத்தேன். அவர் பார்த்தார்.

"முள்ளு இல்லீங்ளே இதுல."

வீசினேன். ராட் நுனியைச் சுண்டினேன். இரண்டாவது முறை சுண்டுவதற்குள் எதிர்க்கரை நாணலிலிருந்து தண்ணீரில் ஒரு கோடு கிளம்பியது. நேராக. அங்கே இங்கே பார்க்கவில்லை. முழுகவில்லை. தவளையைக் கூண்டுக்குள் இழுத்தேன், அதன் பின்னாலேயே வந்து உள்ளே நுழைந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கதவு விழுந்தது. அதற்குப் பிறகுதான் புரண்டான். கூண்டுக் கம்பி வளைகிற அளவுக்குப் புரண்டான்.

கரையில் ஆட்கள் ஓடி வந்தார்கள். மாரப்பன் எழுந்திருக்கவில்லை.

"எத்தன நாளாங் சார்?"

"தை மாசத்துல இருந்து."

"அந்த மீனு?"

"ஆமா."

கீழே இறங்கிப் போய்விட்டார். கூண்டின் பக்கம் போகவில்லை. வீட்டைப் பார்த்து நடந்தார்.

ஜூன் 5

இஸ்மாயிலிடம் எழுத்து மூலம் கொடுத்தேன். காட்டு விலங்குக்கு உணவு போட்டது குற்றம், வழக்கு வரும், வேலைக்கும் சிக்கல் வரலாம் என்றார். படித்துறைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி இருந்தது. தெரியாது, என்னிடம் மட்டும்தான் வரும் என்று நினைத்தேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பார்க்கப் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மலையில் மழை. தண்ணீர் சிவப்பாக வந்துகொண்டிருக்கிறது. படித்துறையில் மூன்று படி முழுகிவிட்டது.

கோயமுத்தூர் போனேன். மாரப்பன் கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தார், அதைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன். சிந்தாமணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டு வெள்ளையாக, புதிதாக இருந்தது. தலை யாரோ வாரிவிட்டிருந்தார்கள், வகிடு கோணலாக. என்னைக் கண்டதும் எப்போதும்போல, "வாங்க சார்" என்றாள்.

பழம் கொண்டுபோயிருந்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"அவரு எல்லாம் சொன்னாருங்" என்றாள். "தனியா இருக்குற மனுசன், ஏதோ பிரியத்துல போட்டுட்டாருன்னு நாந்தான் அவர்கிட்டச் சொன்னேன். தெரியாம நடந்ததுக்கு என்னங் பண்றது."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுமுங். இங்க படுத்துப் படுத்து அதே ஞாபகமா வருது. அன்னைக்குப் பாப்பா காலத் தொங்க உட்டுட்டு உக்காந்திருந்துச்சு. நீங்க சத்தம் போட்டு மேல வரச் சொன்னீங்க. பாசின்னீங்க." இடது கையால் போர்வையை இழுத்துவிட்டாள். "அந்தப் படியில பாசியே இல்லீங்க சார். தெனமும் தேய்க்கிறவ நான். நீங்க சொல்றீங்களேன்னு ஆமான்னேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அன்னைக்கே தெரியுங்ளா உங்களுக்கு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள்.

"போயிருங்க சார். அவரு வர்றதுக்குள்ள போயிருங்க. இது தெரிஞ்சா அவரு உங்கள உயிரோட உடமாட்டாரு. அப்புறம் எனக்கு அவரும் இல்லாமப் போயிரும்."

பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்துவிட்டேன். பஸ் உடுமலை தாண்டும்போதுதான் பழப்பை கையில் இருப்பதைப் பார்த்தேன்.

ஜூன் 16

வேலைக்குப் போனேன். மூன்று மாதிரிகளுக்குக் கொழுப்பு அளவைத் தப்பாக எழுதியிருந்தேன். திருத்தினார்கள்.

ஜூன் 19

தாரிணி போன். சிந்தாமணி அக்காவுக்குக் கை போச்சாமே, நீ ஏன் சொல்லவே இல்லை என்று அழுதாள். எப்படி நடந்தது என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். மே நாலாம் தேதி வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. பிறகு, "அந்த அக்கா என் பக்கத்துலதானேப்பா இருந்தாங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூன் 20

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 23

காலையில் வனவர் அலுவலகம். ஐந்தாம் தேதி எழுதிக் கொடுத்ததில் ஒரு பதில் பொய் என்று சொல்லி வேறு தாள் கேட்டேன். இஸ்மாயில் படித்தார். "இதைக் கொடுத்தா கேஸ் வேற மாதிரி போகும், சார். யோசிச்சுக்கங்க" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அங்கேயிருந்தே கோயமுத்தூர் பஸ் ஏறினேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. பன்னிரண்டரைக்கு மாரப்பன் தூக்குவாளியோடு மாடி ஏறி வந்தார். என்னைப் பார்த்து நின்றார். நான் எழுந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு போன அன்றைக்கே தெரியும் என்றும், என் மகளை மேலே வரச்சொன்னபோது தெரியும் என்றும், சிந்தாமணி அண்டாவோடு இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்றும்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன்.

தூக்குவாளியைக் கீழே வைத்தார். அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துடுப்பு பிடித்துப் பிடித்துக் காய்த்த கைகள். விரல்கள் மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கின. நான் நகரவில்லை. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றாள்.

உள்ளேயிருந்து சிந்தாமணியின் குரல் கேட்டது. "ஏனுங், வந்துட்டீங்ளா?"

மாரப்பன் குனிந்து தூக்குவாளியை எடுத்தார்.

"நகருங்க" என்றார். "அவளுக்குச் சோறு ஊட்டணும்."